காளைக்கு ஏடு உண்டு, மேய்த்தவனுக்கு?

1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஒரு காளைக்கன்று பிறந்தது. செந்நிறக் கன்று. துள்ளிக் குதித்துச் சேட்டை செய்ததால் அதற்கு ‘மங்கி’, அதாவது குரங்கு, என்று பெயர் வைத்தார்கள். 1932ஆம் ஆண்டில் அது செத்தபோது 150க்கு மேற்பட்ட காளைகளைத் தன் வாரிசாக விட்டுச் சென்றது. இன்று உலகில் எங்கே ‘சாந்தா கெர்த்ரூடிஸ்’ என்ற இனத்து மாடு நின்றாலும், அதன் வம்சத்தைத் தேடிப் போனால் அந்த மங்கியில் வந்து நிற்கலாம். தாய் எது, தகப்பன் எது, பாட்டன் எது என்று ஏட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

நான் தோட்டத்தில் செக்ரோல் எழுதுகிற கிராணி. ஓர் ஏட்டைக் கண்டால் அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்று பார்ப்பது எனக்குத் தொழில் புத்தியாகிவிட்டது. ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்த மாட்டின் சரித்திரத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். காளையின் பெயர் இருக்கிறது. முதலாளியின் பெயர் இருக்கிறது. இடையில் நின்று தண்ணீர் காட்டியவன், கன்றுக்குக் காவல் இருந்தவன், புழு வைத்த புண்ணுக்கு மருந்து போட்டவன் எங்கே? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

ஏக்கர் இரண்டு காசு

அந்த மாட்டை உண்டாக்கியது கிங் பண்ணை. டெக்ஸஸ் மாநிலத்தின் தென்கோடியில், கடலை ஒட்டிய புல்வெளியில் இருக்கிறது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 8,25,000 ஏக்கர். சிங்கப்பூர்த் தீவைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் சொத்து அது. இன்றும் அதைத் தொடங்கியவரின் வழித்தோன்றல்களிடமே இருக்கிறது.

தொடங்கியவர் ரிச்சர்ட் கிங். 1824இல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் நகைக் கடையில் எடுபிடி வேலைக்கு விடப்பட்டு, அங்கிருந்து ஓடிப்போய்க் கப்பலில் ஒளிந்து தென்பகுதிக்கு வந்தார். ஆற்றுப் படகில் வேலை பார்த்துக் கேப்டனானார். உழைத்து முன்னேறியவர் என்பதில் ஐயமில்லை. அவரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல.

ஆனால் நிலம் எப்படிக் கிடைத்தது? நூயேஸஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டே ஆற்றுக்கும் இடையிலுள்ள அந்தப் பகுதிக்கு மெக்ஸிகோவும் அமெரிக்காவும் உரிமை கொண்டாடின. போர் நடந்தது. 1848இல் செய்த உடன்படிக்கையின்படி அது அமெரிக்காவுக்குப் போயிற்று. ஐந்தே ஆண்டுகளுக்குப் பிறகு, 1853இல், ஒரு மெக்ஸிகோக் குடும்பத்தின் வாரிசுகளிடமிருந்து 15,500 ஏக்கர் நிலத்தை 300 டாலருக்குக் கிங் வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏக்கர் ஒன்றுக்கு இரண்டு காசுக்கும் குறைவு! எல்லைப்புறத்து வீரம் என்று பாட்டிலும் படத்திலும் புகழ்கிறார்களே, அந்த எல்லைப்புறத்தின் முதல் வரவு இது. அதற்கும் முன்னால் அந்தப் புல்வெளியில் திரிந்து வாழ்ந்த செவ்விந்தியக் குடிகளுக்கு அந்த இரண்டு காசும் இல்லை.

மாட்டை விற்றவன் மேய்ப்பனானான்

நிலம் கிடைத்துவிட்டது. படகு ஓட்டிய கேப்டனுக்கு மாடு வளர்க்கத் தெரியுமா? தெரியாது. தெரிந்தவர்கள் மெக்ஸிகோவில் இருந்தார்கள்.

1854இல் மெக்ஸிகோவின் தமௌலிபாஸ் மாகாணத்தில் கடும் பஞ்சம். மழை இல்லை, புல் இல்லை. அங்கே க்ரூயாஸ் என்ற சிற்றூருக்குக் கிங் மாடு வாங்கப் போனார். பஞ்சத்தில் வாடிய மக்கள் தங்கள் மாடுகளை அவரிடம் விற்றுவிட்டார்கள். மாடு போன பிறகு அந்த ஊருக்குப் பிழைப்பு ஏது? கிங் அவர்களைப் பார்த்து, “என்னோடு வாருங்கள், வீடும் சாப்பாடும் சம்பளமும் தருகிறேன்” என்ற கருத்தில் அழைத்ததாகப் பண்ணையின் வரலாறு சொல்கிறது. ஆண், பெண், குழந்தை என்று நூறு பேருக்கு மேல் மூட்டை முடிச்சுகளோடு வடக்கே நடந்தார்கள்.

நேற்றுவரை தன் மாட்டுக்குத் தானே முதலாளியாக இருந்தவன், அதே மாட்டுக்கு இன்று கூலி மேய்ப்பன். பஞ்சம் துரத்திப் பிழைப்புத் தேடி மொத்தமாகப் புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த நடையின் கனத்தை நமக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அவர்களுக்குக் ‘கினேன்யோ’ என்று பெயர் வந்தது. கிங்கின் ஆட்கள் என்று பொருள். சொந்த ஊர்ப் பெயர் போயிற்று. முதலாளியின் பெயரே இனப்பெயராயிற்று. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரன்மாரும் அதே பண்ணையில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே மண்ணுக்குப் போனார்கள்.

குதிரையை அடக்குவது, கயிறு வீசி மாட்டை மடக்குவது, சூட்டுக்கோல் போடுவது எல்லாம் அவர்கள் கற்றுக்கொடுத்த தொழில். மாட்டிடையனை ஸ்பானிய மொழியில் ‘வக்கேரோ’ என்பார்கள். அமெரிக்க ‘கௌபாய்’ வாயில் வரும் சொற்களைப் பாருங்கள்: பண்ணைக்கு ‘ரேன்ச்’, சுருக்குக் கயிற்றுக்கு ‘லாஸோ’, மாட்டு விளையாட்டுக்கு ‘ரோடியோ’. எல்லாமே வக்கேரோவின் ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்தவை. தொழிலையும் அவன் தந்தான். தொழிலின் சொல்லையும் அவன் தந்தான். படக்கொட்டகையில் வீரனாக வந்து நிற்பவன் மட்டும் வேறொருவன்!

கப்பலேறிய திமில்

இனி மாட்டின் கதைக்கு வருவோம். கிங் முதலில் வளர்த்தது நீண்ட கொம்புடைய ‘லாங்ஹார்ன்’ மாடு. ஸ்பானியர் கொண்டுவந்து, காட்டில் திரிந்து, தானே உரமேறிய இனம். 1869க்கும் 1884க்கும் இடையில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கிங் வடக்கே சந்தைக்கு அனுப்பினார். கால்நடையாகவே ஓட்டிப் போகவேண்டும், மாதக்கணக்கில் ஆகும். இரவில் மாடு மிரண்டு ஓடினால் இருட்டில் குதிரையேறித் துரத்தவேண்டும். வெள்ளம் வந்த ஆற்றில் இறங்கவேண்டும். அதைச் செய்தவர்கள் யார் என்று மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

லாங்ஹார்ன் தாக்குப்பிடிக்கும், ஆனால் இறைச்சி குறைவு. ஆகவே ‘ஷார்ட்ஹார்ன்’ போன்ற பிரிட்டிஷ் மாடுகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்குச் சதை உண்டு. தென் டெக்ஸஸ் வெயிலைத் தாங்கும் சக்தி இல்லை. உண்ணியும் காய்ச்சலும் வேறு வாட்டின. உண்ணிதான் அந்தக் காய்ச்சலைப் பரப்புகிறது என்பதைத் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் மெய்ப்பித்தார்கள்.

வெயிலையும் உண்ணியையும் தாங்கும் மாடு எங்கே? நம் முன்னோர் நாட்டில். 1906இல் டெக்ஸஸின் பியர்ஸ் பண்ணைக்காக இந்தியாவிலிருந்து திமிலுள்ள மாடுகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். குஜராத்தின் காங்கிரேஜ், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு, நெல்லூர் மாடு ஆகியவற்றின் கலப்பில் உருவானதுதான் அமெரிக்கப் ‘பிராமன்’ இனம். நம் தாத்தாமார் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில் நெல்லூரும் அதே சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. ஒரு மாகாணத்து மனிதன் ரப்பர் காட்டுக்குப் போனான். அதே மாகாணத்து மாட்டின் இரத்தம் டெக்ஸஸ் புல்வெளிக்குப் போனது!

1918இல் பியர்ஸ் பண்ணையிலிருந்து பிராமன் இரத்தமுள்ள 52 காளைகளைக் கிங் பண்ணை வாங்கி ஷார்ட்ஹார்ன் பசுக்களோடு சேர்த்தது. அப்படிப் பிறந்ததுதான் மங்கி. ரிச்சர்ட் கிங்கின் பேரன் ராபர்ட் கிளேபர்க் அந்த வம்சத்தைப் பல ஆண்டுகள் பொறுக்கியெடுத்து வளர்த்தார். எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், எட்டில் மூன்று பங்கு பிராமன். 1940இல் அமெரிக்க அரசாங்கத்தின் விவசாய இலாகா அதைத் தனி இனம் என்று ஏற்றது. 1951இல் அதற்கென்றே ஒரு சங்கம் பிறந்து, வம்ச ஏடு எழுதியது. 1952இல் மாடு ஆஸ்திரேலியாவுக்கும் போயிற்று.

கிளேபர்க்கின் அறிவை நான் மறுக்கவில்லை. ஆனால் பொறுக்கியெடுப்பது என்றால் என்ன? எந்தக் கன்று நன்றாகப் பால் குடித்தது, எது வெயிலில் நிழல் தேடாமல் மேய்ந்தது, எந்தப் பசு சாதுவாக நின்றது என்று நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சொல்ல ஒருவன் வேண்டாமா? முதலாளி தேர்ந்தெடுத்தார், தேர்ந்தெடுக்கக் கண்ணாக இருந்தவன் கினேன்யோ. ஒரு மரத்தின் பட்டை எப்படியிருக்கிறது என்று அதை வெட்டுகிறவனுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

குடும்பம் என்ற சொல்

“கினேன்யோக்கள் பண்ணையின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு என்ன குறை?” என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும்.

வீடு கொடுத்தார்கள், உண்மை. உணவுப் பொருள் கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், உண்மை. 1885இல் ரிச்சர்ட் கிங் இறந்தபின் பண்ணையைக் கட்டிக்காத்தவர் அவருடைய மனைவி ஹென்ரியெட்டா. அந்த அம்மையார் 1925இல் காலமானபோது ஏறக்குறைய 200 வக்கேரோக்கள் குதிரைமேல் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திறந்திருந்த சவக்குழியை ஒருமுறை சுற்றிவந்தார்கள். கட்டளைக்குப் பயந்தவன் இப்படிச் செய்யமாட்டான். அவர்கள் காட்டிய பாசத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் தோழர்களே, குடும்பம் என்றால் பாகப்பிரிவினையும் உண்டு அல்லவா? அந்த அம்மையார் காலமானபோது நிலம் பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல். அது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கைக்குப் போனது. குழியைச் சுற்றிவந்த 200 பேரும் மறுநாள் காலையில் வேலைக்குப் போகவேண்டியவர்கள். துக்கத்தில் குடும்பம், சொத்தில் கூலி. இதுதான் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் முடிச்சு. அன்பாகக் கொடுப்பதை அன்பு குறையும்போது நிறுத்திவிடலாம். உரிமையாக வாங்கியதை அப்படி நிறுத்த முடியாது.

அந்த அன்பும் இல்லாத இடத்தில் என்ன நடந்தது? அதே டெக்ஸஸின் வடகோடியைப் பாருங்கள். அங்கே 1880ஆம் ஆண்டுகளில் கிழக்கத்திப் பணக்காரர்களும் பிரிட்டிஷ் கம்பெனிகளும் பண்ணைகளை வாங்கினார்கள். அதுவரை மாட்டிடையர்கள் தங்களுக்கென்று நாலைந்து மாடு வைத்துக்கொண்டு, முதலாளியின் மாட்டோடு மேய்ப்பது வழக்கம். கம்பெனி வந்ததும் அந்த வழக்கத்துக்குத் தடை போட்டது. மாதச் சம்பளம் 40 டாலருக்குள்ளேயே நின்றது. 1883இல் 24 பேர் கையெழுத்திட்டு, “மார்ச் 31க்குப் பிறகு மாதம் 50 டாலருக்குக் குறைந்து வேலை செய்யமாட்டோம்” என்று அறிவித்தார்கள். சமையற்காரருக்கும் அதே 50. கூட்டத் தலைவனுக்கு 75. வசந்தகால மாடு சேர்ப்புக்கு முன்பாகப் பார்த்து வேலை நிறுத்தம் செய்தார்கள். காலத்தை நன்றாகத்தான் கணித்தார்கள். ஆனால் நிலையான சங்கம் இல்லை. கைப்பணம் தீர்ந்தது. முதலாளிமார் புதிய ஆட்களைப் பிடித்தார்கள். இரண்டரை மாதத்தில் போராட்டம் ஓய்ந்தது.

எல்லைப்புறத்துப் பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் துப்பாக்கிச் சண்டையைச் சொல்வார்கள். இந்தக் கையெழுத்தைச் சொல்லமாட்டார்கள். அந்த 24 கையெழுத்தும் எல்லைப்புறத்துப் பாரம்பரியம்தான்!

1938 மனிதனுக்கு, 1940 மாட்டுக்கு

இப்போது மூன்று ஆண்டுகளை வரிசையாக வைக்கிறேன்.

1935: அமெரிக்கத் தொழிலாளி சங்கம் சேர்ந்து முதலாளியோடு பேரம் பேசும் உரிமையைச் சட்டம் பாதுகாத்தது. விவசாயத் தொழிலாளியை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள்.

1938: குறைந்தபட்சச் சம்பளமும், மிகை நேர வேலைக்குக் கூடுதல் சம்பளமும் சட்டமாயின. அதிலும் விவசாயத் தொழிலாளிக்கு இடமில்லை.

1940: சாந்தா கெர்த்ரூடிஸ் மாட்டைத் தனி இனமாக அரசாங்கம் ஏற்றது.

மாட்டுக்கு அங்கீகாரம் கிடைத்த வேகத்தில் மேய்த்தவனுக்குக் கிடைக்கவில்லை. 1966இல் சட்டத்தைத் திருத்திப் பெரிய பண்ணைகளின் விவசாயத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் தந்தார்கள். அப்போதும் பரந்த மேய்ச்சல் வெளியில் கால்நடை வளர்ப்பதையே முக்கிய வேலையாகக் கொண்டவர்களைத் தனியே விலக்கினார்கள். அந்த விலக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. காரணம் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? மந்தையோடு எந்நேரமும் இருக்கவேண்டிய வேலையில் மணிக்கணக்கு எழுதுவது மிகக் கடினமாம்!

இதைப் படித்தபோது என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை; பிறகு கோபம் வந்தது. ஒரு காளையின் மூன்று தலைமுறைக்குக் கணக்கு உண்டு. இந்த மாட்டில் எட்டில் எத்தனை பங்கு எந்த இரத்தம் என்று கணக்கு உண்டு. எட்டேகால் இலட்சம் ஏக்கரில் எத்தனை கன்று விழுந்தது என்று கணக்கு உண்டு. ஒரு மனிதன் எத்தனை மணிக்குக் குதிரையேறினான், எத்தனை மணிக்கு இறங்கினான் என்று எழுதத்தான் முடியாதாம்! நான் கிராணி. எனக்கு ஒரு பென்சிலும் ஒரு செக்ரோலும் கொடுத்தால் எழுதிக் காட்டுகிறேன். எழுத முடியாதது எதுவும் அதில் இல்லை. எழுத மனம் இல்லை, அவ்வளவுதான்.

எந்த முதலாளி நல்லவர், எந்த முதலாளி கெட்டவர் என்பதல்ல இங்கே கேள்வி. நல்ல முதலாளி சட்டம் இல்லாமலும் கொடுக்கலாம். சட்டம் இருப்பது மற்றவர்களுக்காக. நல்லவரின் மகன் எப்படிப்பட்டவன் என்று தெரியாத நாளுக்காக.

கிராணியின் கட்டம்

கிங் பண்ணையின் ‘ஓடும் டபிள்யூ’ என்ற சூட்டுக்குறி 1869இல் பதிவானது. முதலில் மாட்டின் தோலில் சுட்டார்கள். 2001இலிருந்து ஃபோர்டு கம்பெனி விற்கும் ‘கிங் ரேன்ச்’ டிரக்கின் தோல் இருக்கையிலும் அந்தக் குறி ஏறிவிட்டது. பாரம்பரியம் நல்ல விலைக்குப் போகிறது! அந்தப் பாரம்பரியத்தை முதுகில் சுமந்தவனுக்கு என்ன கிடைத்தது?

கிடைத்ததும் உண்டு, அதைச் சொல்லி முடிக்கிறேன். பண்ணையில் லாரோ கவாஸோஸ் என்ற கினேன்யோ போர்மேன் இருந்தார். வக்கேரோ பிள்ளைகளுக்கென்று பண்ணையில் இருந்த சிறிய பள்ளியோடு தம் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக்கூடாது என்று நினைத்தார். பக்கத்திலுள்ள கிங்ஸ்வில் நகரத்தில் வெள்ளையர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வாதாடிச் சேர்த்தார். 1927இல் பண்ணையில் பிறந்த மூத்த மகன், தகப்பனார் பெயரையே கொண்டவர், 1988இல் அமெரிக்காவின் கல்வி அமைச்சரானார். அந்நாட்டு மந்திரிசபையில் ஸ்பானிய வழியினர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. தம்பி ரிச்சர்ட் 1982இல் நான்கு நட்சத்திர ஜெனரலானார். அந்தப் பதவிக்கும் அவ்வினத்தில் அவரே முதல்வர்.

அமைச்சராக இருந்த அண்ணன் 2006இல் தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். தலைப்பில் தம்மை என்னவென்று சொல்லிக்கொண்டார் தெரியுமா? அமைச்சர் என்றல்ல, ‘ஒரு கினேன்யோ’ என்று. பண்ணையின் வரலாறு 1957இலேயே இரண்டு பெரிய பாகங்களாக அச்சேறியிருந்தது. மேய்த்தவன் மகன் தன் பேனாவால் தன் கதையை எழுத மேலும் 49 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே, 1997இல், இருவர் வக்கேரோக் குடும்பங்களின் வீடுதோறும் சென்று, வயதானவர்கள் வாயால் சொன்னதைக் கேட்டு ஒரு நூலாக வெளியிட்டார்கள். குதிரையை எப்படிப் பழக்கினார்கள், பெண்கள் எதைச் சமைத்தார்கள், குழந்தைகள் எந்த வயதில் வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

தோழர்களே! இனத்தின் பெருமை காளையின் பெருமை மட்டுமல்ல. நிலம் வாங்கியவனின் பெருமை மட்டுமல்ல. க்ரூயாஸிலிருந்து நடந்து வந்தவர்களின் கையும் கண்ணும் அதில் இருக்கின்றன. ஏடு எழுதுகிறவர்கள் அவர்களுக்கும் ஒரு கட்டம் போடட்டும். சட்டம் எழுதுகிறவர்கள் அவர்களுடைய மணிக்கணக்குக்கும் ஒரு கட்டம் போடட்டும். இரண்டும் வராதவரை அது அரைகுறை ஏடு.

உங்கள் லயத்தில் வயதான பாட்டி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் யார் வந்தார்கள், எந்த மரத்தை யார் நட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நமக்கு வேறு யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

— தோட்டக் கிராணி ஒருவன்